செவலையின் வாயும் பச்சையப்பனின் மனையும்

1935ஆம் ஆண்டு பிப்ரவரி ஆறாம் நாள், புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பாக, வில்லியனூர் இரயில் நிலையத்தின் வாசலில் பச்சையப்பன் பலராமனை முதன்முதலாகச் சந்தித்தான். சந்தித்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. பலராமனைச் சுமந்து வந்த குதிரை, பச்சையப்பனின் ஜட்கா வண்டிமேல் வந்து மோதியது, நடந்தது அவ்வளவுதான்.

விழுப்புரத்து இரயில் வரும் நேரம். ஜட்காக்கள் வரிசையாக நின்றிருந்தன. சாலையின் வளைவில் ஒரு செவலைக் குதிரை தோன்றியது. அங்கு நின்ற மட்டக் குதிரைகளைவிட ஒரு முழம் உயரம். தலை வானத்தைப் பார்த்திருந்தது. திறந்த வாயிலிருந்து சிவந்த நுரை பறந்தது. மேலே இருந்தவர் முதுகைப் பின்னால் சாய்த்து, இரண்டு வார்களையும் மார்புவரை இழுத்துப் பிடித்திருந்தார். அவர் இழுக்க இழுக்க அது விரைந்தது. மற்ற வண்டிக்காரர்கள் ஒதுங்கிவிட்டார்கள். பச்சையப்பன் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்ததால் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. ஏர்க்கால் முறிந்தது, ஒரு சக்கரம் கழன்று உருண்டது. அவனுடைய மட்டக் குதிரை எப்படியோ விடுபட்டு, பக்கத்து வண்டியின் புல்லை மேயத் தொடங்கியது. செவலை மட்டும் முறிந்த மரங்களுக்கிடையே கால் சிக்கி, வேறு வழியின்றி நின்றது.

யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாயிற்று.

பலராமன் பாகூருக்கு மேற்கே ஏரிக்கரையை அடுத்துக் கரும்பும் நெல்லும் பயிரிட்ட பெரிய நிலக்காரர். கொம்யூன் என்ற பிரெஞ்சு நகராட்சிக்கு மேராக, அதாவது தலைவராக, வர வேண்டும் என்ற ஆசை உடையவர். அத்தகைய ஒருவரைப் பார்த்து நாலுபேர் கூடிய இடத்தில் சிரிக்கக்கூடாது. அவர் இறங்கிச் சிரித்தவரைத் தேடினார். சிரித்தவர் கூட்டத்தில் மறைந்துவிட்டதால், அருகில் நின்ற பச்சையப்பன்மேல் அவருடைய பார்வை தங்கியது.

"எவன்டா வண்டிய நடு ரோட்டுல போட்டது?"

"ஓரமாத்தான் நின்னுச்சி எசமான். குதிரதான்..."

"குதிரைக்கு இன்னாடா?"

பச்சையப்பன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் பதினைந்து ஆண்டுகளாகக் குதிரைகளோடு இருந்த பழக்கம் அவனை முந்திக்கொண்டது. "வாயி கிழிஞ்சி கெடக்குது எசமான். நோவு தாங்காமத்தான் ஓடுது. வார வுட்டுட்டா நின்னுடும்."

அந்தக் கடிவாளத்தைப் பார்த்தவர் எவரும் அதையே சொல்லியிருப்பார்கள். கடலூர் ஏலத்தில், பட்டாளத்திலிருந்து கழிக்கப்பட்ட அந்தக் குதிரையைப் பலராமன் வாங்கியபோது அதன் வாயில் சாதாரண இரும்புதான் இருந்தது. அது நிற்கவில்லை என்று முறுக்கிய இரும்பு வந்தது. அதற்கும் நிற்கவில்லை என்று, நாக்கின்மேல் படும் பக்கத்தில் ஆணி முனைகள் வைத்த முள் கடிவாளம் வந்தது. அதற்கும் அடங்காததால் தாடைக்குக் கீழே ஒரு சங்கிலியும் சேர்ந்தது. இரும்பு ஏற ஏறக் குதிரையின் ஓட்டமும் ஏறியதேயன்றிக் குறையவில்லை.

சைக்கிளில் பின்னால் வந்து சேர்ந்த காரியக்காரர் தங்கவேலைப் பார்த்துப் பலராமன், "அத்தக் கழட்டு" என்றார். குதிரையின் தலையிலிருந்து கடிவாளம் கழற்றப்பட்டது. "நோவுதுன்றான். எவ்ளோ நோவுதுன்னு அவனே சொல்லட்டும்."

தங்கவேல் பச்சையப்பனின் தாடையை அழுத்தித் திறந்து இரும்பை உள்ளே வைத்தார். குதிரையின் எச்சிலும் இரத்தமும் அவன் நாக்கில் பட்டன. பலராமன் வார்களைக் கையில் சுற்றிக்கொண்டு, சிறு குழந்தையை நடத்துவதுபோல, டிக்கெட் கொடுக்கும் சன்னல்வரை அவனை நடத்திச் சென்று திருப்பி அழைத்துவந்தார். கூட்டம் இப்போது தாராளமாகச் சிரித்தது. வாயில் இரும்பு இல்லாத ஒவ்வொருவருக்கும் அந்தச் சிரிப்பு எளிதாக இருந்தது.

"பாத்தியாடா? மனுசன் வரான், நிக்கிறான். அதுக்கு மட்டும் இன்னா கேடு?"

இரும்பை எடுத்த பிறகு பச்சையப்பன் துப்பினான். துப்பியது மண்ணில் கறுத்தது. "எனக்குக் காலு ரெண்டுதான எசமான்" என்றான். "நாலு இருந்தா நானுந்தான் ஓடியிருப்பேன்."

பலராமனும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அன்று அவனை அடியிலிருந்து காப்பாற்றியது. ஆனால் நாக்கின் நுனி பிளந்தது பிளந்ததுதான். பிறகு தன் வாழ்நாள் முழுவதும் பச்சையப்பன் சற்று நாக்குக் குழறியே பேசினான்.

வண்டி அவனுடையதன்று. வண்டிக்கும் மட்டக் குதிரைக்கும் உரியவர், முறிந்த ஏர்க்காலைப் பார்த்துவிட்டு, நண்பகலுக்குள் அவனை விலக்கினார். லாயத்தின் பின்புறத்தில் சாக்குத் தட்டியால் மறைத்த ஒரு மூலைதான் அவனுக்கும் அவன் மனைவி அமிர்தத்துக்கும் குடியிருப்பாக இருந்தது, அதுவும் போயிற்று. அமிர்தம் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. சாயங்காலம் தங்கவேல் வந்து நின்றபோது அவள்தான் முதலில் பேசினாள்.

"இன்னும் இன்னாத்த வாயில வைக்கணுமாம்?"

"எசமான் கூப்புடறாரு" என்றார் தங்கவேல்.

பலராமனுக்கு ஒரு நோக்கம் இருந்தது. சூலை பதினான்காம் நாள், பிரெஞ்சுக்காரரின் தேசியத் திருநாளன்று, பாகூரில் கொடி ஏற்றுமிடத்துக்குக் குதிரைமேல் ஊர்வலத்தின் முன்னால் போக வேண்டும். அவருக்கு எதிராக நிற்கப்போகும் கட்சிக்காரர்கள் பார்க்க வேண்டும். ஓடுகிற குதிரையில் போனால் வில்லியனூர் நிலையத்தில் கேட்ட சிரிப்பு பாகூரிலும் கேட்கும்.

"முள்ளு இல்லாம நிறுத்திக் காட்டறன்றியே, காட்டு" என்றார். "வாய்க்கா ஓரத்துல ஒரு மனை காலியா கீது. கூரையும் போட்டுத் தரச் சொல்றேன். குதிர நின்னா நீயும் நில்லு. குதிர ஓடினா நீயும் ஓடு."

தன் வாழ்க்கையில் சொந்த வாசற்படியையே அறியாத அமிர்தம், கூரை போட்ட அன்றே கதவோரத்தில் அவரை விதை ஊன்றினாள்.

பச்சையப்பனுக்குக் குதிரை வாயைப் பற்றிய அறிவு நல்ல வழியில் வந்ததன்று. இருபது வயதில் அவன் ஓட்டிய வெள்ளை மட்டக் குதிரையின் வாரை வெட்டி வெட்டி இழுத்தே அதன் வாயை மரக்கட்டையாக்கினான். ஒருநாள் அது இரயில் கேட்டில் நிற்காமல் போய்ச் சங்கிலியில் விழுந்து கால் முறிந்தது. விழுந்து கிடந்ததையும் அவன் அடித்தான். அடி ஓய்ந்த பிறகுதான், தான் இழுத்ததெல்லாம் அதற்கு ஓடச் சொன்னதாகவே பட்டிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

செவலைக்கு முதலில் இரும்பையே நீக்கினான். மூக்கெலும்பின்மேல் படியுமாறு பருத்திக் கயிற்றால் ஒரு சுற்றுப் பட்டை செய்து, அதிலேயே வார்களைக் கட்டினான். வாயின் கிழிசல்களுக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவினான். நாள் முழுதும் கட்டிப்போட்டு, கொள்ளும் வெல்லமும் கொட்டி வளர்த்த குதிரை அது; உடம்பில் தேங்கிய வலு ஓட்டமாக வெளிப்படாமல் என்ன செய்யும்? கொள்ளைப் பாதியாகக் குறைத்துப் புல்லைக் கூட்டினான். உடனே, கொள்ளைத் திருடுகிறான் என்று தங்கவேல் கண்டுபிடித்தார். இரண்டு ஆட்களோடு வந்து குடிசையைச் சோதித்தார். அடுப்பிலிருந்த கஞ்சிப் பானையையும் கவிழ்த்துப் பார்த்தார்கள்.

தரையில் ஓடிய கஞ்சியைப் பார்த்தபடி அமிர்தம், "கொள்ளு கெடச்சுதா தங்கவேலு ஐயா?" என்று கேட்டாள். "கெடச்சா சொல்லுங்க, நானும் கொஞ்சம் தின்னுப் பாக்கறேன். வவுத்துப் புள்ள குதிரையாட்டம் ஓடட்டும்."

ஏரியில் தண்ணீர் வற்றி, உட்புறம் காய்ந்து கிடந்தது. பச்சையப்பன் குதிரையை அங்கே கொண்டுபோய்ப் பெரிய வட்டமாக நடத்தினான். அது வேகம் எடுத்தால் வட்டத்தைச் சுருக்கினான். சுருங்கிய வட்டத்தில் எந்தக் குதிரையாலும் விரைந்து ஓட முடியாது. அது அடங்கினால் வட்டத்தை விரித்தான். வாரை அவன் நீட்டி இழுத்துக்கொண்டிருக்கவே இல்லை. நீட்டி இழுத்தால் குதிரை சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடைத்துவிடும். அந்தச் சுவரைத் தள்ளிக்கொண்டே அது ஓடும். ஒரு சிறு அழுத்தம். அது தலையைக் கொஞ்சம் கொடுத்த அந்தக் கணத்திலேயே வாரை முற்றிலும் தளர்த்தி, "போதும்பா" என்பான். நடை, நிறுத்தம், மீண்டும் நடை. பங்குனி முடிவதற்குள் செவலை ஒன்றைக் கற்றுக்கொண்டது: அந்தச் சொல் கேட்டு, வாரும் தளர்ந்ததும் நின்றுவிட்டால் போதும், வலி வராது.

சித்திரையில் கொல்லர் மாரிமுத்து, விரல் பருமனுள்ள வழவழப்பான இரும்பு ஒன்றைச் செய்துகொடுத்தார். முள் கடிவாளத்தைச் செய்தவரும் அவரே. "இத்தப் போட்டா குதிர ஓடாது, தூங்கிப்பூடும்" என்று கேலி செய்தார்.

பிறகு பலராமனைப் பழக்குவது மீதமிருந்தது. அது குதிரையைப் பழக்குவதைவிடக் கடினமாயிற்று. முதல்நாள் ஏரிக்குள் ஏறி உட்கார்ந்ததுமே வழக்கம்போல இழுத்தார். செவலை பாய்ந்தது.

"வுடுங்க எசமான். வார வுடுங்க."

அச்சத்தால் அவர் கை தானாகத் தளர்ந்தது. பச்சையப்பன் தூரத்திலிருந்து "போதும்பா" என்றான். குதிரை நின்றது. பலராமன் அதன் கழுத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"அந்த வார்த்தைய நானும் சொல்லணுமா?"

"சொன்னாத்தான் நிக்கும் எசமான்."

"நாலுகால் மிருகத்தப் பாத்து நான் அப்பா ஆட்டுக்குட்டின்னு கெஞ்சணும்?"

"இங்க யாரு இருக்காங்க? நானும் குதிரையுந்தான்."

அவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டார். பிறகு, கடன் கேட்பவர்போலத் தாழ்ந்த குரலில் அந்தச் சொல்லைச் சொன்னார். நாளடைவில் அது அவருக்குப் பழகிவிட்டது. தளர்ந்த வாரில், ஒரே ஒரு சொல்லுக்கு, அவ்வளவு பெரிய உடல் நின்றபோது, அவருடைய முகத்தில் சிறுபிள்ளையின் சிரிப்பு வந்தது. வந்ததும் கரையைத் திரும்பிப் பார்ப்பார். "தங்கவேலுக்கு இதெல்லாம் தெரிய வாணாம்" என்று பச்சையப்பனிடம் இரண்டொரு முறை சொன்னார்.

ஆனி மாதத்தில் அமிர்தம் ஆண் குழந்தை பெற்றாள். வாசலில் அவரை காய்த்திருந்தது. "குதிர நிக்குது இல்ல?" என்று தினமும் கேட்பாள். "நிக்குது" என்பான் அவன். அவள் அதைக் கூரையைப் பற்றிய செய்தியாகவே கேட்டுக்கொண்டாள்.

சூலை பதினான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வாய்த்தது. பாகூர் முழுதும் மூவண்ணத் தோரணம் கட்டியிருந்தார்கள். பேண்டு வாத்தியமும் பள்ளிப் பிள்ளைகளும் பட்டாசுக்காரர்களும் கூடியிருந்தார்கள். பச்சையப்பன் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள், தங்கவேல் குதிரைக்குக் கடிவாளம் பூட்டியிருந்தார். அதன் வாயோரத்தில் முளைத்திருந்த புதுத் தோலின்மேல் பழைய முள் கடிவாளத்தின் வளையம் தெரிந்தது.

பச்சையப்பன் ஓடிவந்து, எசமான் கால் வைத்திருந்த அங்கவடியைப் பிடித்துக்கொண்டான். "எசமான், இது வாணாம். இத்தப் போட்டா செஞ்சதெல்லாம் வீணாப்பூடும்."

"மொண்ண இரும்போட இத்தன சனத்துக்கு முன்னால போவச் சொல்றியா? அது இருக்கட்டும், ஒரு துணைக்கு" என்றார் பலராமன். சுற்றி நின்றவர்கள் கவனிப்பதை உணர்ந்ததும் குரல் உயர்ந்தது. "இன்னா, மறுபடியும் கடிச்சிப் பாக்கணுமா?"

வில்லியனூர்க் கதை பாகூருக்கு எப்போதோ வந்து சேர்ந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"சரிங்க எசமான்" என்றான் பச்சையப்பன். "வார மட்டும் இழுக்காதீங்க. வேகம் எடுத்தா வுட்டுட்டு, அந்த வார்த்தையச் சொல்லுங்க."

பேண்டு முழங்கியது. செவலை காதை நிமிர்த்தி நடையை எட்டிப் போட்டது, அவ்வளவே. ஏரிக்குள்ளாக இருந்தால் பலராமன் வாரைத் தளர்த்தி அச்சொல்லைச் சொல்லியிருப்பார். இங்கும் அவருடைய உதடுகள் அசைந்ததைப் பச்சையப்பன் கண்டான். ஆனால் எதிர்க்கட்சிக்காரர்கள் கடைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பண்ணை ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் எசமானாக இருப்பவர், அவர்கள் காது கேட்க ஒரு குதிரையை அப்பா என்பதா? உதடுகள் மூடிக்கொண்டன, கைகள் இழுத்தன. ஆணிகள் நாக்கில் இறங்கின.

செவலை ஊர்வலத்தைக் கிழித்துக்கொண்டு ஏரிக்கரைமேல் ஏறி ஓடியது. மதகருகே பலராமன் சேணத்திலிருந்து சரிந்தார். ஒரு கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டது. பச்சையப்பன்தான் முதலில் கரையை அடைந்தான். மற்றவர்கள் வெகுதூரம் பின்னால் இருந்தார்கள். கீழே, காய்ந்த ஏரிக்குள், மிரண்ட குதிரை தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தது. அவன் பழக்கிய அதே வட்டத்தில், பழக்கிய அதே சுவட்டில், பலராமனை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

வட்டத்தின் ஒரு பக்கம், கரையிலிருந்து இறங்கி அவன் நின்ற இடத்தைத் தொட்டுச் சென்றது. குதிரை அவனைக் கடந்தது. ஒரு சொல் சொன்னால் போதும். பிளந்து ஆறிய நாக்கு அவன் வாய்க்குள் இருந்தது. அவன் அதை அசைக்கவில்லை. பலராமன் அவனைப் பார்த்தார். "சொல்லுடா" என்றார். "பச்சையப்பா, சொல்லு." குதிரை கடந்து போயிற்று. மண்கட்டிகளில் மோதி, அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே கால் மடங்கக்கூடாத பக்கத்தில் மடங்கியதைப் பச்சையப்பன் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். தூரத்து வளைவில் பலராமன் தாமே "போதும்பா, போதும்பா" என்று அலறினார். அந்த அலறலில் செவலைக்குத் தெரிந்த சொல் எதுவும் இல்லை. அதை அடி என்று எண்ணி அது இன்னும் விரைந்தது.

மறுசுற்றில், கரையின்மேல் ஆட்களின் தலைகள் தோன்றத் தொடங்கிய பிறகு, பச்சையப்பன் அந்தச் சொல்லைச் சொன்னான். மெல்லத்தான் சொன்னான். குதிரை நின்றது.

ஓடிவந்தவர்கள் கண்டதெல்லாம் கடைசிக் காட்சி மட்டுமே: தனியொருவன் கையைக்கூட நீட்டாமல் ஒரு சொல்லால் குதிரையை நிறுத்தி எசமானின் உயிரை மீட்டான். ஊர் அதையே கதையாக்கிக்கொண்டது. தங்கவேலும் ஆட்களும் வண்டி முளைக்குச்சிகளைப் பிடுங்கிவந்து செவலையை அடித்தார்கள். நிற்கச் சொல்லப்பட்டதால் அது நின்றே அடி வாங்கியது. ஒரு கண் போயிற்று. நகரச் சொல்லியிருக்க வேண்டிய பச்சையப்பன் பலராமனின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தான்.

நகரத்து ஆஸ்பத்திரியில் காலைக் கட்டிப் போட்டார்கள். எலும்பு கோணலாகவே கூடியது. திரும்பி வந்த பலராமனுக்கு, ஊர்ப் பெரியவர்கள் சூழ்ந்த கட்டிலில் கிடந்தபடி, சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டியிருந்தது. ஒரு சுற்று முழுதும் அவன் வாயைத் திறக்காமல் நின்றதை அவர் அறிவார். அதைச் சொன்னால், அவனிடம் தாம் கெஞ்சியதையும் சொல்ல நேரும்.

"இந்த உசுரு இவன் குடுத்தது" என்றார். "இன்னா வேணும்னாலும் கேளுடா. இப்பவே கேளு."

"இப்ப ஒண்ணும் வாணாங்க எசமான். வேணும்போது கேக்கறேன்."

அந்த விடையில் அப்போது சூழ்ச்சி ஏதும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாததால், அங்கிருந்து விரைவில் வெளியேறவே அப்படிச் சொன்னான். அதன் பலம் இன்னதென்று மறுநாள்தான் அவனுக்குத் தெரிந்தது.

தங்கவேல் குடிசை வாசலில் வந்து நின்றார். "குதிர ஓடிடுச்சி. பேச்சு பேச்சுதான். கூரையப் பிரிக்க ஆள் வரும்."

அமிர்தம் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். பச்சையப்பன் அவசரப்படாமல், "எசமான் எனக்கு ஒண்ணு குடுக்க வேண்டியிருக்குது" என்றான். "அத்தக் கேட்டு வாங்கிக்கினு போறேன்னு போய்ச் சொல்லுங்க."

தங்கவேல் போனார். ஆள் வரவில்லை. மனையைப் பற்றிய பேச்சை அதன்பின் ஒருவரும் எடுக்கவில்லை.

தை மாதத்தில் கரும்பு வெட்டு தொடங்கியது. ஒற்றைக் கண் செவலையை, அந்தக் கண்ணையும் துணியால் கட்டி, வயலோரத்துக் கரும்பாலையில் பூட்டினார்கள். உருளைகளைச் சுழற்றும் நீண்ட மரத்தில் கட்டுண்டு, காலையிலிருந்து இருட்டும்வரை அது வட்டமாக நடந்தது. கடிவாளமே தேவைப்படவில்லை. ஆலையின் முனகல் குடிசைவரை கேட்டது.

"கேளேன்யா" என்றாள் அமிர்தம். "ஒரே ஒரு வார்த்த. குதிரையக் குடுங்கன்னு கேட்டா குடுக்கப்போறாரு."

"கேட்டா தீந்துடும்."

"இன்னா தீந்துடும்?"

"எல்லாந்தான். இன்னிக்குக் குதிரையக் குடுப்பாரு. நாளைக்குத் தங்கவேலு வந்து கூரையப் பிரிப்பான்."

"அப்ப மனையக் கேளு. எழுதிக் குடுக்கச் சொல்லு."

"எழுதிக் குடுத்துட்டா அவருக்கும் எனக்கும் பேச்சே முடிஞ்சிபோச்சி. அப்புறம் வாய்க்கா தண்ணி யாருது? நடக்குற வரப்பு யாருது? வேல யாரு குடுப்பா? கேக்காத வரைக்குந்தான்டி நாம இங்க."

அமிர்தம் ஆலையின் பக்கம் தலையைத் திருப்பினாள். "அதுங்கூலிலதான் நாம குடியிருக்கோம்னு சொல்லு" என்றாள். 

ஒருநாள் அவன் ஆலைக்குக் கரும்புக்கட்டு சுமந்து போனான். சாறு ஊற்றுகிறவன், வழக்கப்படி அவனுக்கும் ஒரு சொம்பை நீட்டி ஊற்றினான். சொம்பு நிரம்பி வழிந்தது. "போதும்பா" என்றான் பச்சையப்பன்.

ஆலை நின்றுவிட்டது. கண் கட்டியிருந்த செவலை தலையைத் தாழ்த்தி, காதுகளை அவன் குரல் வந்த பக்கம் திருப்பி, அசையாமல் நின்றது. ஓட்டுகிறவன் சாட்டையால் அடித்தான், அது நகரவில்லை. மறுபடி அடித்தான், விலாவின் தோல் நடுங்கியது, கால் பெயரவில்லை. ஏரிக்குள் பழக்கிய காலத்தில், நிறுத்தத்துக்குப் பின் அதன் தோளைத் தட்டி "வா" என்று சொல்வது பச்சையப்பனின் வழக்கம். அந்தத் தட்டலுக்காகத்தான் அது காத்திருக்கிறது என்பது அவன் ஒருவனுக்கே தெரியும். அதைச் செய்தால், இந்தக் குதிரை இன்னும் அவன் பேச்சைத்தான் கேட்கிறது என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரிந்துவிடும். அதை எசமானிடம் ஏன் கேட்டு வாங்கவில்லை என்பார்கள். அவன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் இறங்கி நடந்தான். சாட்டைச் சத்தம் வாய்க்கால்வரை அவனோடு வந்தது. அதன்பின் ஆலையருகே அவன் பேசியதே இல்லை; கரும்பு சுமந்த நாள்களில் ஊமைபோலப் போய்வந்தான். மூன்றாம் வெட்டுப் பருவத்தில் செவலை மரத்தில் பூட்டியபடியே விழுந்து செத்தது.

பலராமன் மேராகவில்லை. கோணல் காலோடு, கூண்டு வண்டியில் மட்டும் வெளியே வருபவராகிவிட்டார். ஆண்டுதோறும் பொங்கலுக்கு மறுநாள் தங்கவேலை அனுப்புவார்: "கேக்கறானான்னு பாத்துட்டு வா." பின்னர் தாமே வண்டியைக் குடிசை வாசலில் நிறுத்தலானார்.

"நெலம் வேணுமாடா? மாடு வேணுமா? எதையாவது கேட்டுத் தொல."

"ஆவட்டுங்க எசமான். வேணும்போது கேக்கறேன்."

வண்டி திரும்பிப் போகும். பச்சையப்பன் அது வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்வரை நின்று பார்ப்பான். அந்த ஆண்டுகளில் பண்ணையில் எத்தனையோ குடிகள் மனையை விட்டு விரட்டப்பட்டன. எத்தனையோ பேர் மரத்தில் கட்டி அடிக்கப்பட்டார்கள். வாய்க்காலோரத்துக் குடிசையின்மேல் ஒருவர் கையும் படவில்லை. கட்டி அடிக்கப்பட்டவர்களில் ஒருவனான அய்யனாரின் மனைவி ஒருமுறை வந்து, "நீ ஒரு வார்த்த கேட்டா அவர வுட்டுடுவாங்க" என்று காலில் விழுந்தாள். பச்சையப்பன் கதவைச் சாத்திக்கொண்டான். அன்று அமிர்தம் அவனுக்குச் சோறு போடவில்லை, அவனும் கேட்கவில்லை.

1944ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் பலராமனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பச்சையப்பனை அழைத்துவரச் சொன்னார். கூடத்தில் மகன்கள் இருந்தார்கள், தங்கவேல் இருந்தார், பண்ணை ஆட்களும் இருந்தார்கள். போர்வைக்குக் கீழே அந்தக் கால் எதிர்ப்பக்கம் மடங்கிக் கிடந்தது தெரிந்தது.

"இன்னிக்காவது கேளுடா" என்றார். "இத்த வெச்சிக்கினு நான் போவ மாட்டேன்."

பச்சையப்பன் கைகட்டி நின்றான்.

"அன்னிக்கு நீ ஒரு சுத்து சும்மா நின்னத நான் யாருக்கும் சொல்லல" என்றார் அவர், மூச்சு வாங்க. மகன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீயும் கேக்கல. இன்னும் எத்தினி நாளுடா?"

பாகூர்ச் சாலையில் அத்தனை பேருக்கு முன்னால் சொல்ல மறுத்ததை, இத்தனை பேருக்கு முன்னால், குரல் எழும்பாமல் சொன்னார்: "போதும்பா."

பச்சையப்பன் அந்த வாயையே பார்த்தான். பிறகு, "இருக்கட்டும் எசமான்" என்றான்; "வேணும்போது கேக்கறேன்."

விடிவதற்குள் அவர் இறந்தார். மகன்கள் குடிசையைத் தொடவில்லை. தகப்பனார் கொடுக்க வேண்டியது ஏதோ மிச்சம் இருக்கிறது என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பச்சையப்பன் அதன்பின் மூன்று ஆண்டுகள் இருந்தான். அவனுக்கு இறுதி நோவு வந்தபோது, மூத்த மகன் வண்டியை வாசலில் நிறுத்தி, அப்பா சொன்னதுபோலவே, என்ன வேண்டும் என்று கேட்டார். அமிர்தம் கணவனின் வாயைப் பார்த்தாள். அவன் நாக்கை அசைக்கவில்லை.